மூன்றில் இரண்டு

அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல்லை வாங்குவது லேசுப்பட்ட காரியமாக இருந்ததில்லை. "கேஷியர் வந்துட்டாரா மேடம்?" என்று கேட்டால், "நான் பாக்கலை சார்" என்பார். "டீ வந்துச்சா?" என்றால், "எங்கிட்ட வரலை." ஒருமுறை வேண்டுமென்றே, "வெளிய மழை பெய்யுதா மேடம்?" என்று கேட்டேன். அவருடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. எழுந்து, கதவைத் திறந்து, வராந்தா வரைக்கும் போய், கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பெய்யலை சார்" என்றார். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் மறுநாள் கேட்டிருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்.

ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ தைக்கிற ஒரு கம்பெனியில் நான் டிஸ்பாட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கம்ப்யூட்டர் ரூம். நாட்றம்பள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நாற்பதைத் தாண்டியிருக்கும். சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடமாடுகிற ஒரே ஆள் அவர்தான், ஏனென்றால் சர்வர் ரூமில் ஏசி அப்படி. உள்ளே போனதும் ஒவ்வொரு சர்வர் பெட்டியாகப் புறங்கையை வைத்துப் பார்ப்பார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்போமே, அந்த மாதிரி. சூடு எவ்வளவு என்று திரையிலேயே எண் ஓடிக்கொண்டிருக்கும். "அதான் போட்டிருக்கே மேடம்" என்றால், "போட்டிருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பெட்டியில் கை வைப்பார்.

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போக நியாயமே இல்லை. லாரி ஐந்து நிமிஷம் தாமதமானால் நான் கேட்டுக்கும் மாடிக்குமாக எட்டு தடவை ஓடுகிற ஜாதி. போனில் யாராவது "ஆயிடுச்சு சார்" என்றால் எனக்கு அது போதும், அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அவருக்குப் போதாது. "இப்ப உங்க கண்ணு முன்னாடி எந்த லைட் எரியுது, சொல்லுங்க. பச்சையா? எத்தனை? நீங்க நிக்கிறீங்களா, வேற யாராவது பாத்துட்டு வந்து உங்ககிட்ட சொன்னாங்களா?" போனின் மறுமுனையில் இருப்பவர் பல்லைக் கடிப்பது எங்கள் மேஜைக்கே கேட்கும். "தொட்டுப் பாத்தீங்களா?" என்பதுதான் அவருடைய கடைசிக் கேள்வியாக இருக்கும். தையல் செக்‌ஷன் பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே 'தொட்டுப் பாத்த அக்கா'.

அந்தப் பெண்களிலேயே ஒருத்தி, ஏலகிரி மலையிலிருந்து வந்துகொண்டிருந்தவள், பத்து நாள் வேலைக்கு வரவில்லை. பர்சனல் ஆபீஸில் 'நின்றுவிட்டார்' என்று எழுதி, அவளுடைய வருகைக் கார்டைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடச் சொல்லி இவருக்குச் சீட்டு அனுப்பினார்கள். இவர் எடுக்கவில்லை. "அவங்க நின்னுட்டாங்கன்னு யார் பாத்தது?" என்று கேட்டார். பர்சனல் மேனேஜருக்குக் கோபம். "பத்து நாளா வரலைம்மா, இதுக்கு மேல இன்னா பாக்கணும்?" என்றார். "வரலைங்கிறது சரி சார். நின்னுட்டாங்களான்னுதான் தெரியலை."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே பஸ் பிடித்து மலைக்குப் போயிருக்கிறார். தோட்டத்தில் வழுக்கி விழுந்து கால் உடைந்து அந்தப் பெண் கட்டிலில் கிடந்தாள். போன் வேறு விழுந்து உடைந்திருந்தது. திங்கட்கிழமை காலையில் பர்சனல் மேனேஜர் மேஜையில் மருத்துவச் சீட்டை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். எனக்கு அப்போது ஆச்சரியமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. ஒரு சீட்டுக்காக யாராவது மலை ஏறுவார்களா?

எங்கள் கம்பெனிக்கு மூன்று இடம். ஆம்பூரில் ஷூ, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷெட், பேரணாம்பட்டில் பழைய ஆபீஸ். ஒன்றாகப் பதனிட்டு ஒரே எண் போட்ட எந்த லாட் தோல் எங்கே போனது, எத்தனை ஜோடி தைத்தது, எந்தப் பெட்டியில் எந்த சைஸ் என்பதெல்லாம் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஒரே நேரத்தில் பதிவாகும். ஒரு பக்கம் தீப்பிடித்து எரிந்தாலும் மறு பக்கத்தில் அப்படியே இருக்கும். பேரணாம்பட்டில் இருந்தது ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் கணக்கு வழக்கு எதுவும் கிடையாது. ஓட்டுப் போடுவது மட்டும்தான் அதற்கு வேலை.

"நகராட்சிக் கூட்டத்தைக் கோரம் இல்லை, ஆள் பத்தலைன்னு ஒத்தி வைப்பாங்கல்ல சார், அதேதான்" என்று எனக்கு விளக்கினார். "மூணுல ரெண்டு பேர் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டு இருந்தாதான் வேலை ஓடும். ஒத்தை ஆளா ஆயிட்டா எதையும் எழுதாது. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடும்."

"இன்னா மேடம் இது? நல்லா இருக்கிற மெஷின் எதுக்கு சும்மா உக்காரணும்?"

"மத்தவங்க செத்துட்டாங்களா, இல்ல தன் கண்ணுக்குத்தான் தெரியலையான்னு அதுக்குத் தெரியாதே சார். அந்தப் பக்கமும் உயிரோட இருந்து, அதுவும் இதே மாதிரி நினைச்சுக்கிட்டு எழுத ஆரம்பிச்சா? ஒரே கல்யாணத்துக்கு ரெண்டு மண்டபத்துல பந்தி போட்ட கதைதான். யாரு எங்க சாப்ட்டாங்கன்னு அப்புறம் ஆண்டவனாலயும் சொல்ல முடியாது."

ஒற்றை ஆளாக இருக்கும் இயந்திரத்தைக் கட்டாயப்படுத்தி எழுப்பவும் வழி இருந்தது. அதற்கு ஒரு கடவுச்சொல். ஆம்பூரில் அது அவர் தலைக்குள் இருந்தது. ராணிப்பேட்டையில் ஓர் உறைக்குள், அரக்கு வைத்து, ஆபரேட்டர் குமரேசனின் டிராயரில் இருந்தது. அவர் சொன்னால் தவிரப் பிரிக்கக் கூடாது. சர்வர் ரூம் சுவரில் அவர் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "ஒரு பக்கத்தை மட்டும் எழுப்பும் முன், மறு பக்கத்தின் வயரைப் பிடுங்கி ஒருவர் கையில் வைத்திருக்க வேண்டும். வைத்திருப்பவரே போனில் சொல்ல வேண்டும்." அந்தக் கடைசி வாக்கியத்துக்குக் கீழே இரண்டு கோடு.

பேரணாம்பட்டுப் பெட்டியில் ஒரு சிக்கல் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பன்னிரண்டு மணிக்கு அது காணாமல் போகும், இரண்டரை மணிக்குத் திரும்ப வந்துவிடும். மற்ற இரண்டும் இருப்பதால் வேலை எதுவும் நிற்காது. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். இவர் ஒரு வெள்ளிக்கிழமை ஜீப் ஏறிவிட்டார். எனக்கும் அங்கே வேலை இருந்ததால் கூடப் போனேன். பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, அந்த ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் ஜமீல் பாய் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு மெயின் சுவிட்சை இறக்கினார். பெட்டியின் யூபிஎஸ் கத்தியது. அதையும் அணைத்தார்.

"இன்னா பாய், மெயினை இறக்கிட்டீங்க?" என்றேன்.

"ஒரு தபா ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தப்ப வயர் பத்திக்கிட்டு மேல் ரூம் பூரா எரிஞ்சு போச்சுப்பா. அன்னிலேர்ந்து மெயினை இறக்காம நான் பூட்டு போடறதில்லை. இந்த டப்பா வந்ததுலேர்ந்து கீ கீன்னு ஒரே பேஜாரு. அத்தையும் ஆஃப் பண்ணிடறேன். வந்து போட்டுடறேன்ல?"

நான் அவரோடு சண்டை போடத் தயாராக வாயைத் திறந்தேன். மேடம் முந்திக்கொண்டார். "நீங்க செய்றது சரிதான் பாய். நான்தான் வேற ஏற்பாடு செய்யணும்" என்றார். திரும்பி வந்ததும் அந்தப் பெட்டிக்கு மட்டும் பக்கத்துக் கட்டிடத்திலிருந்து தனி லைன் இழுக்க எழுதிப் போட்டார். எலக்ட்ரீஷியன் வந்தார், அளந்தார், போனார். அதற்கப்புறம் அந்தக் காகிதம் யார் மேஜையில் தூங்கியதோ தெரியாது. வெள்ளிக்கிழமை மதியங்களில் மேடம் கேண்டீனுக்கு வருவதை நிறுத்திவிட்டார். இரண்டரை மணிவரை சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் நான் சொல்லவந்தது. கேட்டில் கன்டெய்னர் நின்றுகொண்டிருந்தது. அன்று மாலைக்குள் அது சென்னைத் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும், அதற்கு இரண்டு மணிக்காவது கிளம்ப வேண்டும். அதற்கு முன் இரண்டு தடவை கப்பலைத் தவறவிட்டுச் சரக்கை விமானத்தில் அனுப்பியிருந்தோம். "மூணாவது தடவை நடந்தா நீங்க வேற எடம் பாத்துக்கலாம்" என்று எம்.டி. என்னிடம் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் கிடையாது. எனக்கு ஐம்பது வயது, பெண் காலேஜில் இரண்டாம் வருஷம். அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஷூ பெட்டிகளில் கடைசி நாற்பது மட்டும் ஸ்கேன் ஆக வேண்டியிருந்தது. பன்னிரண்டரைக்குத் திரை அப்படியே நின்றுவிட்டது. மாடிக்கு ஓடினேன். மேடம் போனில் குமரேசனோடு பேசிக்கொண்டிருந்தார். "உங்க பக்கமும் நின்னுடுச்சா? சரி. எதையும் தொடாதீங்க. நான் சொன்னா மட்டும்தான்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ராணிப்பேட்டை கண்ணுக்குத் தெரியலை சார். வழியில கேபிள் போயிருக்கலாம். பாய் மெயினை இறக்கிட்டாரு. இப்ப நாம ஒத்தை ஆளு, அவங்களும் ஒத்தை ஆளு."

"சரி, எழுப்புங்க மேடம். கீழ வண்டி நிக்குது."

"ரெண்டரைக்குப் பாய் மெயினைப் போட்டதும் நம்ம பக்கம் ரெண்டு ஓட்டு ஆயிடும். தானா எழுந்துக்கும்."

"ரெண்டு மணிக்கு வண்டி போகலைன்னா என் வேலை போயிடும் மேடம். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்." அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "பேரணாம்பட்டுக்கு டிரைவரை அனுப்பியிருக்கேன். தொழுகை முடிஞ்ச ஒடனே பாயைக் கையோட கூட்டிட்டுப் போய்க் கதவைத் திறக்கச் சொல்லியிருக்கேன். ரெண்டுக்குள்ள வர முடியுமான்னு பாக்கறேன்."

முடியாது என்று எனக்குத் தெரியும். அந்தச் சாலையில் நானும் போயிருக்கிறேன். படியிறங்கும்போதே எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அந்த நிமிஷம் அது ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது. வண்டி எப்படியும் ராணிப்பேட்டை வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது. ராணிப்பேட்டைப் பக்கத்தை எழுப்பி, பெட்டிவாரியாகத் துறைமுகத்தில் காட்ட வேண்டிய பேக்கிங் லிஸ்டை அங்கேயே அச்சடித்து, ரோட்டில் வைத்து டிரைவர் கையில் கொடுத்துவிட்டால்? அரை மணி நேர வேலை. முடிந்ததும் குமரேசன் பழையபடி அணைத்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

லோடிங் மேடைக்குப் பின்னால் நின்று குமரேசனுக்குப் போன் போட்டேன். "மேடம் கவரைப் பிரிக்கச் சொல்றாங்க" என்றேன்.

"மேடமே சொல்லலையா சார்?"

"அவங்க இன்னொரு லைன்ல இருக்காங்கப்பா. சீக்கிரம்."

குமரேசன் என் வயதுக்காரர், நல்ல மனிதர். பிரித்துவிட்டார். என் கீழே இருந்த கிளார்க் கடைசி நாற்பது பெட்டிகளின் விவரத்தைப் போனில் படிக்க, குமரேசன் அங்கே உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஒன்றரை மணிக்கு எம்.டி. மேடத்தைப் போனில் பிடித்துக் கத்தியிருக்கிறார். தையல் லைன் மொத்தமும் சும்மா உட்கார்ந்திருந்தது. உடனே எழுப்பியாக வேண்டும் என்று உத்தரவு. என்னையும் மேலே கூப்பிட்டார்கள். போனபோது அவர் குமரேசனுக்கு டயல் செய்துகொண்டிருந்தார். பிசி. மறுபடி டயல் செய்தார். பிசி. அந்த லைனில் இருந்தது என் கிளார்க்தான். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

"குமரேசன் வயரைப் பிடுங்கிக் கையில வெச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும் சார், எழுப்பிடுவேன்" என்றார். மூன்றாம் தடவை டயல் செய்தார். மேஜை மேலிருந்த இன்னொரு போன் அடித்தது. மறுபடியும் எம்.டி. அதை எடுத்து, "இதோ சார்" என்று சொல்லி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கொஞ்ச முன்னாடி குமரேசன்கிட்ட பேசினீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரே. அங்க நின்னுதான் இருக்கா? யாரும் கை வைக்கலையே?"

அப்போது நான் சொல்லியிருக்கலாம். "மேடம், ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்திருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். திட்டக்கூட மாட்டார், அந்தப் பழக்கமே அவருக்கு இல்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்லி உறையைப் பிரிக்க வைத்தது வெளியே வந்தால் கப்பல், கன்டெய்னர் எதுவும் தேவையில்லை, அதற்கே என்னை அனுப்பிவிடுவார்கள். அதுதான் மண்டைக்குள் ஓடியது. வேறெதுவும் ஓடவில்லை.

"நின்னுதான் இருக்கு மேடம்" என்றேன். "யாரும் தொடலை."

"நீங்களே கேட்டீங்களா?"

"நானே கேட்டேன்."

ஒரு கணம் சுவரிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "சரி, நீங்க சொல்றீங்கன்னா" என்று சொல்லிவிட்டு விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். கீழே தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. பெண்கள் கைதட்டினார்கள். என் பேக்கிங் லிஸ்டும் ஆம்பூரிலேயே அச்சாகி வந்துவிட்டது. ராணிப்பேட்டைக்காரரை நான் தொந்தரவே செய்திருக்க வேண்டியதில்லை.

குமரேசனுக்குப் போன் போட்டு அணைக்கச் சொன்னேன். "எப்டி சார்? திரை உயிரோட இருக்கிறதைப் பாத்துட்டு ஷெட்ல எல்லாரும் லாட் நம்பர் போட ஆரம்பிச்சுட்டாங்களே. இப்ப நிறுத்துனா மேனேஜர் கேப்பாரு" என்றார். கேட்டில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ராணிப்பேட்டையில் அச்சான காகிதத்தோடு குமரேசன் ரோட்டுக்கு அனுப்பியிருந்த ஆளைத் திரும்பிப் போகச் சொல்லவும் மறந்துவிட்டேன். ஒரே கன்டெய்னருக்கு இரண்டு பேக்கிங் லிஸ்ட் போய்ச் சேர்ந்தது. கடைசி நாற்பது பெட்டிகளுக்கு இரண்டு பக்கமும் தனித்தனியே எண் கொடுத்திருந்ததால், இரண்டிலும் பெட்டி எண்கள் ஒன்று, சைஸ்கள் வேறு வேறு. துறைமுகத்தில் எது உண்மை என்று கேட்டு, பெட்டிகளைப் பிரித்து எண்ணி முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது.

சாயங்காலம் பள்ளிகொண்டா பக்கம் ரோடு வேலை செய்த ஜேசிபி அறுத்துப் போட்ட கேபிளை ஒட்டினார்கள். ராணிப்பேட்டை மறுபடி கண்ணுக்குத் தெரிந்த அடுத்த வினாடி மேடத்துக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பக்கமும் மதியத்திலிருந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் ஆம்பூர் வயரைத் தன் கையாலேயே பிடுங்கினார் என்று பிறகு சொன்னார்கள். குமரேசனோடு ரொம்ப நேரம் போனில் பேசினாராம். என்ன பேசினார் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

சனிக்கிழமை ராணிப்பேட்டையிலிருந்து தோல் லாரி வந்து இறங்கியது. ஒவ்வொரு கட்டிலும் போட்டிருந்த லாட் எண்கள் ஆம்பூரில் ஏற்கெனவே வேறு தோலுக்குக் கொடுக்கப்பட்டவை. ஒரே எண்ணில் கறுப்பும் இருந்தது, பழுப்பும் இருந்தது. ஆம்பூர்ப் பக்கத்தை உண்மையென்று வைத்துக்கொண்டு, ராணிப்பேட்டையின் அன்றைய மதியத்தைக் கையால் மறுபடி எழுதுவது என்று முடிவு செய்தார். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, கோடவுனில் தோல் கட்டுகளுக்கு நடுவே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். அச்சடித்த இரண்டு பட்டியல்கள், ஒரு சிவப்புப் பேனா. ஒவ்வொரு கட்டையும் தொட்டு, எண்ணி, கோடு போட்டு, அடுத்தது. நானும் போய்க் கட்டுகளைத் தூக்கிப் போட்டு உதவினேன். "அந்தப் பக்கம் வைங்க சார்", "இது எத்தனை?" என்பதைத் தவிர அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை. தெரிந்துதான் பேசாமலிருக்கிறாரா, தெரியாமலா என்று கண்டுபிடிக்க முடியாமல் நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு சாயங்காலம் ராணிப்பேட்டை இயந்திரத்தைத் துடைத்து, ஆம்பூரிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக நகலெடுக்க வைத்தார். ஜமீல் பாய் விடுமுறை நாளிலும் வந்து ஆபீஸைத் திறந்து, பெட்டியின் பக்கத்திலேயே நின்றார். மூன்று பச்சை விளக்கும் எரிந்தன.

திங்கட்கிழமை எம்.டி. அறையில் அவரும் நானும் உட்கார்ந்திருந்தோம்.

"ராணிப்பேட்டைல அந்த ஆளு எதுக்குக் கவரைப் பிரிச்சான்? அவனைத்தான் மொதல்ல தூக்கணும்" என்றார் எம்.டி.

"நான் சொன்னதா அவருக்குச் சேதி போச்சு சார்" என்றார் மேடம். "அதனாலதான் பிரிச்சாரு. அவரைத் தூக்க வேணாம்."

"அப்ப ரெண்டு பக்கத்தையும் எழுப்புனது நீங்களா?"

"இங்க எழுப்புனது நான்தான் சார். வயரைப் பிடிச்சிருக்கிற ஆள் வாயால கேக்காம எழுப்பிட்டேன். அது என் தப்பு."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சேதி யார் மூலம் போனது என்று எம்.டி. கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் பக்கத்து நாற்காலியில் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கப்பல் தவறியதற்குச் 'சிஸ்டம்' காரணம் என்று ஆனது, என் வேலை தப்பியது. மேடத்தை அந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள்.

அந்த மூன்று வாரமும் நான் மனதுக்குள் ஒரு கதை கட்டிக்கொண்டிருந்தேன். மழை பெய்கிறதா என்றால் கையை நீட்டிப் பார்க்கிற அம்மாள், என் வாய்ச்சொல்லையா நம்பியிருப்பார்? நிச்சயம் சந்தேகம் வந்திருக்கும். எம்.டி.யின் நெருக்கடியில், வருவது வரட்டும் என்று எழுப்பியிருப்பார். அப்படியானால் பழியில் பாதி அவருடையது. இப்படியே நினைத்து நினைத்து ஓரளவு தூங்கவும் பழகிவிட்டேன்.

கடைசி நாள் சாயங்காலம் அவர் அறைக்குப் போனேன். சர்வர் பெட்டிகளின் சாவிகளுக்கு ஒவ்வொன்றாகச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். என்னென்னவோ பேச நினைத்துப் போனவன், கடைசியில் கேட்டது இதைத்தான்: "மேடம், அன்னிக்கு நான் சொன்னப்பவே உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும்ல?"

கையிலிருந்த நூலை முடிச்சுப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. விளக்கு எந்த நிறம் என்று கேட்டால் சொல்வாரே, அந்தக் குரல்தான்.

"இல்ல சார். வரவே இல்லை. நம்பித்தான் எழுப்பினேன்."

அவர் வாயிலிருந்து அவ்வளவு உறுதியாக ஓர் 'இல்லை'யை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சாவிக் கொத்தை மேஜையில் வைத்தார். ஆறு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எம்.டி. அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கே போக நான் ஒரு மாடி ஏறினால் போதும். நான் ஏறவில்லை.